ஐந்து நிமிட விஞ்ஞானம்: பார்க்க முன்னும் பார்த்த பின்னும்



குறுங் காணொளிகள் மூலம் விஞ்ஞானம் அறிவது பற்றிச் சென்ற மாதம் வானொலியில் பேசியிருந்தேன். நிகழ்ச்சி முடிந்த கையோடு பலர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்து, அதை எழுத்தில் தரும்படி கேட்டீர்கள். நேரம் போதாமல் விட்டுப்போன சில விடயங்களையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

முதலில் எங்கள் வீட்டில் நடந்த ஒரு கதை. அத்தானின் அனுமதியோடுதான் எழுதுகிறேன்.

அத்தானுக்கு வயது அறுபத்தேழு. ஸ்காபரோவில் மகன் குடும்பத்தோடு இருக்கிறார். போன மாரிகாலம் தொடங்க முன் அவருக்கு நீரிழிவு இருப்பதாகக் குடும்ப வைத்தியர் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார். விரலில் குத்திக் குளுக்கோசு அளவு பார்க்கும் சிறு கருவி ஒன்றையும் வாங்கினார்கள். சில வாரங்களில் அவருடைய வட்ஸ்அப்புக்கு யாரோ ஒரு காணொளி அனுப்பினார்கள். நான்கு நிமிடம் ஓடுகிறது. வெள்ளை மேலங்கி அணிந்த ஒருவர் நல்ல தமிழில், கனிவான குரலில் பேசுகிறார். வெறும் வயிற்றில் 21 நாட்கள் பாகற்காய்ச் சாறு குடித்தால் நீரிழிவு வேரோடு போய்விடுமாம். மாத்திரை தேவையில்லையாம். சர்க்கரை 140க்குக் கீழே வந்துவிட்டால் சுகம் என்று அர்த்தமாம்.

அத்தான் ஒருவருக்கும் சொல்லாமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். பன்னிரண்டாம் நாள் நான் போயிருந்தபோது சந்தோஷத்தோடு கருவியை எடுத்துக் காட்டினார்.

"தம்பி, இதைப் பாரும். பதினேழுதான் காட்டுது. நூற்றிநாற்பதுக்குக் கீழே வந்தால் போதும் எண்டுதான் அவர் சொன்னவர்."

பக்கத்தில் இருந்த பேத்தி ஏழாம் வகுப்புப் படிக்கிறாள். அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பப்பா, பதினேழு என்ன?" என்று கேட்டாள். இலக்கத்துக்குப் பின்னால் வரும் அலகு என்ன என்பதுதான் அவள் கேள்வி. பாடசாலையில் அலகு எழுதாவிட்டால் அவளுக்குப் புள்ளி இல்லை.

நான் முப்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறவன். ரூபாயா டொலரா என்று எழுதாத தொகையை எந்தப் புத்தகத்திலும் ஏற்றமாட்டேன். ஆனாலும் அந்தக் கேள்வி எனக்கு வரவில்லை. சிறு பிள்ளைக்குத்தான் வந்தது.

கனடாவில் இரத்தக் குளுக்கோசை ஒரு லீற்றருக்கு எத்தனை மில்லிமோல் என்று அளக்கிறார்கள். இந்தியாவிலும் இலங்கையிலும் ஒரு டெசிலீற்றருக்கு எத்தனை மில்லிகிராம் என்று சொல்வதுதான் வழக்கம். கனடிய இலக்கத்தை 18ஆல் பெருக்கினால் ஊர் இலக்கம் வரும். அத்தானின் 17ஐப் பெருக்கினால் 306. நீரிழிவு உள்ள பெரும்பாலான பெரியவர்கள் சாப்பிட முன் 4க்கும் 7க்கும் இடையில் இருக்க வேண்டும் என்பது இங்குள்ள வைத்தியர்களின் வழிகாட்டல். சுகம் வந்துவிட்டது என்று அவர் நினைத்த இலக்கம், அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அன்றைக்கே வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு போனோம். மாத்திரை மீண்டும் தொடங்கியது. பெரிய தீங்கு நேர முன் தப்பினோம்.

இதைக் கேட்ட என் நண்பர் ஒருவர், "அதுதான் சொல்லுறன், இந்த வீடியோக்களைப் பார்க்கவே கூடாது" என்றார். எனக்கு அது சரியாகப் படவில்லை. அத்தானைக் கெடுக்கப் பார்த்த அதே கைத்தொலைபேசியில்தான் மிக நல்ல ஆசிரியர்களும் இருக்கிறார்கள். எப்படிப் பார்ப்பது என்பதைத்தான் நாங்கள் பழக வேண்டியிருக்கிறது.

எங்களுக்குக் கிடைக்காத வகுப்பு

எங்கள் தலைமுறையில் பலருக்கு விஞ்ஞானப் படிப்பு பாதியில் நின்றது. இடம்பெயர்ந்தோம், பாடசாலைகள் அகதி முகாம்களாயின, ஆய்வுகூடம் இருந்தால் இரசாயனப் பொருள் இருக்காது. நான் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு எடுத்தவன். பௌதிகவியல் எனக்குப் பதினாறு வயதோடு முடிந்துவிட்டது.

ஆனால் விஞ்ஞானம் எங்களை விடவில்லை. 1990இல் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றது. பற்றரி தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்றானது. அப்போது செய்தி கேட்பதற்கு நாங்கள் என்ன செய்தோம்? சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் இருந்து வானொலிக்கு வயர் கொடுத்தோம். எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணர் இடையில் மிளகளவு பொருள் ஒன்றைப் பூட்டுவார். டைனமோவில் வரும் ஆடலோட்டத்தை ஒரே திசையில் போக வைக்கும் டயோட் அது என்பதை ரொறன்ரோவுக்கு வந்து நெடுங்காலத்துக்குப் பின்தான் அறிந்தேன்.

இன்னொன்றும் நினைவிருக்கிறது. வானொலி வயரைக் கழற்றினால் பெடல் இலேசாகச் சுற்றும். பூட்டினால் கனக்கும். ஏன் என்று கேட்க நேரமில்லை. செய்திதான் முக்கியமாக இருந்தது.

சில வருடங்களுக்கு முன் டைனமோ பற்றிய சிறு காணொளி ஒன்றைப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. செப்புக் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் சுழன்றால் கம்பியில் மின் பிறக்கும். அந்த மின் ஒரு வேலையைச் செய்யப் புறப்பட்டதும், அந்தக் கம்பிச்சுருளே காந்தமாகி, சுழலும் காந்தத்தை எதிர்த்துப் பிடிக்கும். வானொலி பாடுவதற்கான சக்தி சும்மா வரவில்லை, சுற்றியவரின் கையிலிருந்துதான் போனது. முப்பது வருடம் மனதில் கிடந்த கேள்விக்கு இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. அன்று எனக்கு வந்த மகிழ்ச்சியை இங்கே பலர் அறிந்திருப்பீர்கள்.

பழைய வழக்கம்தான்

படிக்க வசதியில்லாத பெரியவர்களுக்கு விஞ்ஞானத்தைச் சுருக்கமாகக் காட்டிச் சொல்வது யூரியூப்போடு வந்த வழக்கம் அல்ல.

அந்த டைனமோவின் தத்துவத்தை 1831இல் கண்டுபிடித்தவர் மைக்கல் பரடே. இலண்டனில் ஒரு கொல்லரின் மகன். பள்ளிப் படிப்பு மிகக் குறைவு. பதினான்கு வயதில் புத்தகம் கட்டும் கடையில் வேலை பழகப் போனவர், கட்டக் கொடுத்த புத்தகங்களையே வாசித்துப் படித்தார். 1812இல் ஹம்பிரி டேவி என்ற விஞ்ஞானியின் பொதுப் பேச்சுகளைக் கேட்கப் போனார். அதுவே அவருடைய வாழ்க்கையை மாற்றியது. பின்னாளில் அதே றோயல் இன்ஸ்ரிரியூசனில் அவரே பொதுமக்களுக்குப் பேசினார். ஒரேயொரு மெழுகுவர்த்தியை வைத்துக்கொண்டு அவர் நிகழ்த்திய ஆறு பேச்சுகள் 1861இல் நூலாக வந்தன.

எங்கள் ஊரிலும் ஒருவர் இருந்தார். அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்தார், மாணவர்களைப் பழக்கினார். 1860களில் வைத்தியத்தைத் தமிழிலேயே படிப்பிக்கத் தொடங்கினார். உடற்கூறு, பிரசவம், அறுவை வைத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் தமிழில் நூல் செய்தார். 1875இல் இரசாயனவியலுக்கு வந்த நூலின் பெயர் 'கெமிஸ்தம்'. தமிழில் சொன்னால் விளங்காது என்று யாரும் சொன்னால், மானிப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள்.

இனி நாங்கள் வாழும் இந்த நகரத்துக்கு வருவோம். ஒன்ராறியோ அரசின் கல்வித் தொலைக்காட்சியான ரி.வி.ஓ. 1970இல் ரொறன்ரோவில் தொடங்கப்பட்டது. 1980, 1981ஆம் ஆண்டுகளில் அது 'யுரேக்கா' என்று ஒரு தொடரைத் தயாரித்தது. மொத்தம் 30 பகுதிகள், ஒவ்வொன்றும் ஐந்து நிமிடம், எல்லாம் கேலிச்சித்திரப் படங்கள். முதற் பகுதி சடத்துவம். அதன்பின் திணிவு, கதி, ஆர்முடுகல், புவியீர்ப்பு, நெம்பு, கப்பி, வெப்பம் என்று படிப்படியாகப் போகிறது. ஒரு பகுதிக்கு ஒரு கருத்துத்தான். முதல் நாள் சொன்னதை அடுத்த பகுதி சுருக்கிச் சொல்லிவிட்டுத்தான் தொடங்கும். பிள்ளைகளுக்காகச் செய்யப்பட்டது என்றாலும், படிப்பு நின்ற இடத்தில் இருந்து தொடங்க விரும்பும் பெரியவருக்கு இதைவிட நல்ல பாலர் வகுப்பு நான் கண்டதில்லை. ஆங்கிலமும் இலகுவானது. இணையத்தில் தேடினால் இன்றும் கிடைக்கிறது.

தமிழிலேயே வேண்டும் என்பவர்களுக்கு அரவிந்த் குப்தாவைச் சொல்வேன். கான்பூர் ஐ.ஐ.ரி.யில் பொறியியல் படித்து, புனேயில் லொறி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1978இல் விடுப்பு எடுத்து மத்தியப் பிரதேசத்துக் கிராமப் பள்ளிகளில் விஞ்ஞானம் சொல்லிக் கொடுக்கப் போனார். அங்கே ஆய்வுகூடம் இல்லை. நெருப்புக்குச்சியையும், சைக்கிள் வால்வுக்குப் போடும் மெல்லிய இறப்பர் குழாயையும் கொண்டு கேத்திரகணிதம் படிப்பித்தார். பின்பு குப்பையில் போகும் பொருட்களால் விஞ்ஞான விளையாட்டுச் சாமான்கள் செய்து, ஒன்றிரண்டு நிமிடப் படங்களாக எடுத்தார். அவை பல மொழிகளில் வந்தன, தமிழிலும் உண்டு. ஒரு பற்றரி, இரண்டு ஊசி, ஒரு காந்தம், கொஞ்சம் செப்புக் கம்பி. இவற்றால் செய்யும் அவருடைய மோட்டரை நான் எங்கள் சமையலறை மேசையில் செய்து ஓடவிட்டேன். 2018இல் இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ வழங்கியது.

விளங்கிவிட்டது என்ற நினைப்பு

நல்ல படம் எது என்பது பற்றி ஒருவர் ஆராய்ந்தே பார்த்திருக்கிறார். டெரெக் முல்லர் என்பவர் கனடாவில் வளர்ந்தவர். எங்கள் மாகாணத்தில் கிங்ஸ்ரன் நகரிலுள்ள குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் படித்து, 2008இல் சிட்னி பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்றார். பௌதிகவியலைப் படங்கள் மூலம் எப்படிக் கற்பிப்பது என்பதே அவருடைய ஆய்வு. 2011இல் அவர் தொடங்கிய 'வெரிற்றாசியம்' இன்று உலகப் புகழ் பெற்றது.

அவருடைய ஆய்வை எளிமையாகச் சொல்கிறேன். மாணவர்களில் ஒரு பகுதியினருக்குச் சரியான விளக்கத்தை மட்டும் தெளிவாகச் சொல்லும் படத்தைக் காட்டினார். மற்றவர்களுக்கு, மக்கள் வழக்கமாக நினைக்கும் பிழையான கருத்தை முதலில் சொல்லி, அது ஏன் பிழை என்று வாதாடும் படத்தைக் காட்டினார். முதற் பகுதியினர் படம் மிகத் தெளிவு என்றார்கள். ஆனால் பரீட்சை வைத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றும் கற்கவில்லை. தங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை மட்டும் கூடியிருந்தது. இரண்டாவது பகுதியினருக்குப் படம் குழப்பமாக இருந்தது, மூளையைப் போட்டு யோசிக்க வேண்டியிருந்தது. கூடிய புள்ளி எடுத்தவர்கள் அவர்கள்தான்.

ஏன் அப்படி? தெளிவாகச் சொன்னால், நாங்கள் ஏற்கெனவே நினைத்திருப்பதையே அவர் சொல்கிறார் என்று தலையாட்டிவிடுகிறோம். எங்களுடைய பிழை உள்ளே அப்படியே இருக்கிறது.

இதை வாசித்தபோது அத்தானின் பாகற்காய்க் காணொளி நினைவுக்கு வந்தது. அது ஏன் அவருக்குப் பிடித்தது? கைப்பு சர்க்கரையை முறிக்கும், ஊர் மருந்து பக்கவிளைவு இல்லாதது, மாத்திரை உடம்புக்குக் கூடாது என்று அவர் முதலே நினைத்திருந்தார். காணொளி அவருடைய தோளில் தட்டியது. பாகற்காய் நல்ல மரக்கறிதான், சமைத்துச் சாப்பிடலாம். ஆனால் மாத்திரையின் வேலையை அது செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

ஆகவே நான் கண்ட வழி இது: பார்க்க முன் ஊகியுங்கள். பார்த்த பின் சோதியுங்கள்.

ஒரு ஐஸ்கட்டிச் சோதனை

இன்றிரவே செய்து பார்க்கலாம். கனமான தோசைக்கல்லையும் மரக்கறி வெட்டும் மரப்பலகையையும் மேசையில் வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் இரண்டையும் தொடுங்கள். கல் குளிராக இருக்கும், பலகை அவ்வளவு குளிராது. இப்போது ஒரே அளவான இரண்டு ஐஸ்கட்டியை எடுத்து, இரண்டிலும் ஒவ்வொன்று வைக்கப் போகிறீர்கள். எது முதலில் உருகும்? வீட்டில் எல்லோரும் ஊகித்து, கடதாசியில் எழுதிவிட்டு வையுங்கள்.

அத்தான் பலகை என்று எழுதினார். குளிரான கல்லில் ஐஸ் எப்படி உருகும் என்பது அவருடைய வாதம். நானும் முதன்முறை அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கல்லில் வைத்த கட்டி கண்முன்னே கரைந்தது. பலகையில் வைத்தது ஆறுதலாக இருந்தது.

இரவு முழுவதும் ஒரே அறையில் கிடந்தவை இரண்டும். கல்லும் பலகையும் ஒரே வெப்பநிலைதான், ஏறக்குறைய 21 பாகை. எங்கள் தோல் அதைவிடச் சூடானது. உலோகம் வெப்பத்தை விரைவாகக் கடத்தும், ஆகவே கையில் இருந்து வெப்பத்தை விரைவாக எடுத்துச் செல்கிறது. அதைத்தான் குளிர் என்று உணர்கிறோம். ஐஸ்கட்டிக்கோ அதே உலோகம் வெப்பத்தை விரைவாகக் கொண்டுவந்து கொடுக்கிறது. ஐஸ் உருகுகிறது. கை வெப்பநிலையை அளப்பதில்லை, வெப்பம் போகும் வேகத்தை உணர்கிறது. தை மாதத்தில் பஸ் தரிப்பிடத்து இரும்புக் கம்பியைக் கையுறை இல்லாமல் ஏன் பிடிக்கக்கூடாது என்பதும் இதுதான்.

முல்லரும் இந்தக் கேள்வியைத் தெருவில் போகிறவர்களிடம் கேட்டுப் படம் எடுத்திருக்கிறார். ஊகத்தை எழுதிய பின் அதைப் பாருங்கள். 'யுரேக்கா'விலும் வெப்பக் கடத்தலுக்கு ஒரு பகுதி உண்டு.

வீட்டில் சோதிக்க முடியாதபோது

உடம்பு சம்பந்தமானவற்றை ஐஸ்கட்டிபோல் வீட்டில் சோதிக்க முடியாது, சோதிக்கவும் கூடாது. அங்கே கணக்காய்வாளரைப்போல் சில கேள்விகள் கேட்க வேண்டும்.

சொல்கிறவர் யார்? பெயரும் படிப்பும் வேலைசெய்யும் இடமும் தெரிகிறதா? வெள்ளை மேலங்கியைக் கடையில் வாங்கலாம். இப்போது செயற்கை நுண்ணறிவால் இல்லாத வைத்தியரையே உருவாக்கி, முகமும் குரலும் கொடுத்துப் பேசவைக்கிறார்கள்.

இலக்கத்துக்கு அலகு இருக்கிறதா? எந்த நாட்டு அலகு?

கைகூடாமல் போனதையும் சொல்கிறார்களா? இதே ரொறன்ரோவில், 1922 ஜனவரி 11ஆம் திகதி, பொது வைத்தியசாலையில் லெனார்ட் தொம்சன் என்ற பதினான்கு வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஏற்றினார்கள். அது போதிய பலன் தரவில்லை, மருந்தில் அசுத்தம் இருந்தது. அவர்கள் அதை மறைக்கவில்லை. நிறுத்தினார்கள், ஜேம்ஸ் கொலிப் அதை மேலும் சுத்திகரித்தார். ஜனவரி 23ஆம் திகதி மீண்டும் ஏற்றியபோது பையனின் சர்க்கரை இறங்கியது. உண்மையான விஞ்ஞானத்தின் கணக்குப் புத்தகத்தில் நட்டமும் எழுதப்பட்டிருக்கும். எல்லோருக்கும் எப்போதும் பலித்தது என்று சொல்லும் காணொளியில் நட்டப் பக்கம் கிழிக்கப்பட்டிருக்கிறது.

கடைசியாக, மாத்திரையை நிறுத்து என்று சொல்கிறதா? அப்படியென்றால் அந்த இடத்திலேயே காணொளியை நிறுத்துங்கள். மருந்துக் கடையில் மருந்தாளரிடம் கேட்கலாம், அதற்குக் காசில்லை. ஒன்ராறியோவில் 811 என்ற இலக்கத்தை அழைத்தால் எந்த நேரமும் தாதி ஒருவரோடு இலவசமாகக் கதைக்கலாம். மொழிபெயர்ப்பு உதவி வேண்டும் என்றும் கேளுங்கள்.

இதில் எனக்கும் பங்குண்டு. கையில் வந்த ஆரோக்கியக் குறிப்பு ஒன்றை ஆராயாமல் ஒருமுறை ஒலிவாங்கியில் வாசித்திருக்கிறேன். நேயர் ஒருவர் பிழை என்று எடுத்துச் சொன்னார். அடுத்த வாரம் அதே நேரத்தில் திருத்தத்தை வாசித்தேன். காணொளிக்குக் கேட்கும் கேள்விகளை வானொலிக்கும் கேளுங்கள்.

சேர்ந்து பாருங்கள்

யூரியூப்பில் படத்தின் மூலையில் பல்சக்கரம் போன்ற குறி இருக்கும். அதை அழுத்தி வேகத்தை 0.75 ஆக்கினால் ஆங்கிலம் ஆறுதலாக வரும். எழுத்து வரிகளையும் போடலாம். பல படங்களில் அந்த வரிகளைத் தமிழுக்கு மாற்றலாம், ஆனால் இயந்திரம் செய்வதால் பிழை வரும். கணினி இல்லாதவர்கள் ரொறன்ரோ பொது நூலகக் கிளைகளில் இலவசமாகப் பார்க்கலாம்.

எல்லாவற்றையும்விடப் பேரப்பிள்ளைகளோடு சேர்ந்து பாருங்கள். அவர்களுக்கு ஆங்கிலமும் அலகும் தெரியும். உங்களுக்கு டைனமோவும், குப்பி விளக்கும், கிணற்றுத் துலாவும் தெரியும். துலாதான் 'யுரேக்கா'வில் வரும் நெம்பு என்று அத்தான் பேத்திக்கு விளங்கப்படுத்தினார். துலா என்றால் என்ன என்று அவள் கேட்க, கோப்பிக் கடைக் கடதாசியின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினார். அன்று இரண்டு பேரும் ஆசிரியர்கள்.

மாத்திரையை மீண்டும் தொடங்கி மூன்று மாதத்தின் பின் எடுத்த இரத்தப் பரிசோதனை திருப்தியாக இருந்ததாக வைத்தியர் சொன்னார். அத்தானின் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் இப்போது ஒரு கடதாசி ஒட்டியிருக்கிறது. காலை, மாலை அளவுகள். ஒவ்வொரு இலக்கத்துக்கும் பக்கத்தில் பேத்தியின் கையெழுத்தில் அலகு.

நீங்கள் சின்ன வயதில் கேட்காமல் விட்ட கேள்வி ஏதும் இருந்தால் நிலையத்துக்கு எழுதி அனுப்புங்கள். நல்ல படம் தேடி, வீட்டில் செய்து பார்த்த பின், வரும் மாதங்களில் ஒவ்வொன்றாகப் பேசுவோம்.